பிறந்த வீட்டுக் கோடி

ஒரு மாடி ஏறி வந்ததற்கே தாயுமானவனுக்கு மூச்சு வாங்கியது. லிஃப்ட் வாசலில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தேர் பார்க்க வந்ததுபோல நெருக்கியடித்துக்கொண்டு நின்றதால், ஒரு மாடிதானே என்று படியில் கால் வைத்தது வினையாகப் போயிற்று. மேலே வந்ததும் புடவைப் பிரிவின் ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, எதையோ யோசிக்கிற மனிதரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் மூக்கால் மட்டும் காற்றை இழுத்தார். கொரோனாவில் படுத்து எழுந்த பிறகு மூச்சு வாங்குவதை மறைப்பதில் அவருக்கு நல்ல தேர்ச்சி வந்திருந்தது. செல்போனை எடுத்து நோண்டுவது, கடிகாரத்தைப் பார்ப்பது, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது. இப்போது கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டதும் எதிரே நின்ற விற்பனைப் பெண் தெரிந்தாள். நாற்பதைத் தாண்டியவள், கடைச் சீருடைப் புடவையில் ஜெயசீலி என்று பெயர் குத்தியிருந்தது. "வாங்க சார். யாருக்குப் பாக்கறீங்க?" என்றாள். இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, உறையூரிலிருந்து தெப்பக்குளம் வரைக்கும் டவுன் பஸ்ஸிலேயே பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். "தங்கச்சிக்கு" என்றார் கடைசியில். பொய்யில்லை, தங்கச்சிக்குத்தான். தங்கச்சி கிள்ளானில் இருக்கிறாள் அம்மா, மலேசியாவில், வயிற்றில் வந்தது ஈரலுக்கும் போய்விட்டது, இனிமேல் வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள், இப்போது நான் எடுக்க வந்திருப்பது அவள் கட்டிக்கொள்ளப்போகிற புடவை இல்லை, அவள்மேல் போர்த்தப்போகிற புடவை, பிறந்த வீட்டுக் கோடி, அண்ணன்காரன் கொண்டுபோய்ப் போட்ட பிறகுதான் அவளைத் தூக்குவார்கள், ஆனால் அவள் இன்னும் இருக்கிறாள், காலையில்கூட அரை டம்ளர் பார்லிக் கஞ்சி குடித்தாளாம் என்று இந்த ஜெயசீலியிடம் எப்படிச் சொல்வது? "தங்கச்சிக்கா, நல்லது சார். நெறம் எப்டி, செவப்பா மாநெறமா?" என்று அவள் கேட்டாள். "மாநெறம்" என்றார். வீடியோவில் பார்க்கிறபோது தங்கச்சி குழலி இப்போது எந்த நிறத்திலும் இல்லை, பழைய மஞ்சள் துணியை அலசிப் பிழிந்தால் வடியும் தண்ணீரின் நிறம்தான் முகத்தில் இருந்தது. அதை நிறம் என்று சொல்லிப் புடவை கேட்க முடியாது.

அவளேதான் கேட்டாள் இதை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, முருங்கைக்கீரைப் பொடி அனுப்பச் சொல்கிற குரலில் கேட்டாள். வேறு யாராவது கேட்டிருந்தால் போனைத் தூக்கி அடித்திருப்பார். "அண்ணே, நீ வரவேணாம். அக்கரையில சுமாத்ராவுல காடு எரியுது, அந்தப் புகை பூரா இங்க வந்து குந்திக்கிட்டிருக்கு. நல்லா இருக்கிறவனே லொக்கு லொக்குன்னு இருமுறான். உன் நெஞ்சுக்கு ஆகாது. கோடிய மட்டும் அனுப்பி வச்சிரு" என்றாள். "என்ன பேச்சுடி பேசுற" என்று அதட்டினார், அதட்டல் பாதியிலேயே கரகரத்துவிட்டது. அவள் காதிலேயே வாங்கவில்லை. "மாம்பழக் கலரு, அரக்குப் பார்டர். பட்டு எடுத்துராத, பட்டு எரிஞ்சா நாறும். காட்டன்னா தொல்லையில்லாம எரியும். இங்க காடே எரியுது, அதுல நான் ஒரு பிடி" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்ததும் வலித்திருக்க வேண்டும், போன் ஆடியது, கூரையில் சுழலும் விசிறி கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் அவள் மகன் லோகன் வாங்கிக்கொண்டான். அவள் புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. புருஷன் போனவளுக்கு மாம்பழக் கலரா என்று புருஷன் பக்கத்து மனிதர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். உயிரோடு இருக்கிறபோது அவள் எந்த நிறத்தைக் கட்டுவதற்கு யாரைக் கேட்டாள்? ஆனால் முணுமுணுக்கிறவர்களுக்குப் பதில் சொல்லப் பிறந்த வீட்டு ஆள் ஒருவன் அங்கே நிற்க வேண்டாமா? பிறந்த வீடு என்று இப்போது மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். வீடு நிற்க வேண்டிய இடத்தில் வீடு நிற்க வேண்டும். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதே இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறது.

"மாம்பழக் கலர்ல காட்டன்" என்றார். ஜெயசீலி ஏணிப்படியில் ஏறி அடுக்கிலிருந்து ஒரு கட்டு உருவினாள். புடவைகள் பலகையில் தொப்பென்று விழுந்தன, கஞ்சி வாசனை எழுந்து மூக்கில் ஏறியது. புதுத் துணி வாசனைக்கே நெஞ்சு சற்று இறுகிற்று. இதற்கே இப்படி என்றால்? நாளை ராத்திரி விமானம். திருச்சியில் ஏறினால் ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் இறங்கிவிடலாம், அவ்வளவு பக்கம், சென்னைக்குப் பஸ்ஸில் போகிற நேரம்கூட இல்லை. டிக்கெட்டை லோகன்தான் போட்டு அனுப்பினான். "மாமா, டிக்கெட் போட்டுட்டேன், வர்றதும் வராததும் நீங்க முடிவு பண்ணிக்கங்க. இங்க ஜெரெபு ரொம்ப மோசமா இருக்கு, ஸ்கூலெல்லாம் மூடிட்டாங்க. ஜன்னல்ல ஈரத் துண்டு கட்டி வச்சிருக்கோம், அப்பயும் வீட்டுக்குள்ள வாசம் வருது" என்றான். புகைமூட்டத்துக்கு மலாய்க்காரர்கள் பேர் ஜெரெபுவாம். பேர் வைக்கிற அளவுக்கு அவர்களுக்கு அது பழகிப்போன விருந்தாளி. அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அம்மா வாயால வரவேணாம்னுதான் சொல்றாங்க மாமா. ஆனா வாசக்கதவு சத்தம் கேட்டா போதும், தலையத் திருப்பிப் பாக்குறாங்க" என்றான். அந்தப் பயல் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதிலிருந்து தாயுமானவனுக்குத் தன் வீட்டுக் கதவுச் சத்தமே ஆகவில்லை. பால்காரர் வந்து கதவைத் தட்டினாலும் கிள்ளானில் ஒரு தலை தலையணையில் திரும்புகிறது. கேஸ் சிலிண்டர் வந்தாலும் திரும்புகிறது. திரும்பி, அவர் இல்லை என்று பார்த்து, மறுபடியும் சுவர்ப்பக்கம் போய்விடுகிறது.

செல்போனில் காற்று மாசு வரைபடத்தை இன்றைக்கு எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. காற்று நன்றாக இருந்தால் பச்சை, கெட்டால் மஞ்சள், இன்னும் கெட்டால் சிவப்பு, அதற்கும் கீழே ஊதா. கிள்ளான் ஊதாவில் கிடந்தது. நேற்று ஓர் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பாக மாறியிருந்தது, அதைப் பார்த்ததும் மனசு துள்ளிற்று, சாயங்காலத்துக்குள் பழையபடி ஊதா. துள்ளியது எதற்கு என்று பிறகு உட்கார்ந்து யோசித்தார். போகலாம் என்பதற்காகத் துள்ளியதா, பயமாகத் துள்ளியதா? சிவப்பாகிவிட்டால் போகாமல் இருக்கச் சாக்கு இல்லையே என்ற துள்ளலாகவும் இருக்கலாம். தன் மனசைத் தானே நம்ப முடியாத வயசுக்கு வந்தாயிற்று. தில்லைநகர் நெஞ்சு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாதிக்கு மேல நார் கட்டிப்போச்சு சார். மிச்சத்த வச்சு ஓட்டிக்கிட்டிருக்கீங்க. அந்தக் காத்துல போய் நின்னா நான் ஒண்ணும் உத்தரவாதம் தர முடியாது" என்றார். போகாதே என்று சொல்லவில்லை. ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். வீட்டில் மனைவி சௌந்தரம் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "போகாதீங்கன்னு நான் சொன்னா நாளைக்கிப் பழி எம்மேல. போங்கன்னு சொன்னாலும் பழி எம்மேல. எனக்கு எதுக்கு" என்றாள். கட்டின நாளிலிருந்து எந்த விஷயத்தில்தான் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்? குழம்புக்கு எந்தக் கத்திரிக்காய் என்பது வரைக்கும் அவள் முடிவுதான். ஒரு முறை, இந்த ஒரே முறை, அவள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கக் கூடாதா. போகக் கூடாது என்று கத்தி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கக் கூடாதா. "ஊதால ஒண்ணு புதுசா வந்திருக்கு சார், பாக்கறீங்களா?" என்று ஜெயசீலி ஒரு புடவையை விரித்தாள். கத்திரிப்பூ ஊதா பலகை முழுக்கப் பரவிற்று. "அது வேணாம்மா, அத எடுத்துருங்க" என்றார், கொஞ்சம் அவசரமாக.

சாவுக்கு எனக்குப் பயமில்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். அதில் உண்மையும் இருந்தது. பயம் சாவிடம் இல்லை, அதற்கு முன்னால் வருகிற அந்த நேரத்திடம். அதைக் கொரோனா வார்டில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூச்சு உள்ளே போகும், போய்ச் சேராது. வாய் திறந்திருக்கும், மார்பு ஏறி இறங்கும், எல்லாம் முறைப்படி நடக்கும், ஆனால் உள்ளே இருக்கிறவனுக்கு ஒன்றும் வந்து சேராது. மூடியைத் திறக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல. பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆட்டோக்காரர் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும்போது போனார், கடைசிவரைக்கும் காற்றைக் கையால் அள்ளி வாய்க்குள் போட்டுக்கொள்ளப் பார்த்தார். அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்போது தினமும் காலையில் கிள்ளானிலிருந்து போன் வரும். நர்ஸம்மா காதில் வைப்பாள். "அண்ணே, ஊது. நான் கேக்கணும்" என்பாள் குழலி. பேச முடியாது என்பதால் ஊதச் சொல்வாள். உஸ்ஸென்று ஒன்று வரும். "இது பத்தாது, நேத்து நல்லா ஊதினியே, சோம்பேறி, இன்னொரு தடவ ஊது" என்று கோவிப்பாள். விமானமெல்லாம் நின்றுபோயிருந்த காலம் அது, வரவே வழியில்லை. வழி இருந்திருந்தால் அவள் வந்திருப்பாள். அதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. கவசம் கட்டிக்கொண்டு, நர்ஸம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு, கட்டில் ஓரத்தில் வந்து நின்று ஊது என்றிருப்பாள். இப்போது விமானம் பறக்கிறது. தினமும் பறக்கிறது. உறையூர் வீட்டு மாடிக்குமேலேதான் போகிறது, துணி காயப்போடும்போது அண்ணாந்தால் சக்கரம்கூடத் தெரிகிறது.

"இது நல்லா எடுப்பா இருக்கும் பாருங்க சார்" என்ற குரலில் நிமிர்ந்தார். மாம்பழ நிறம், நல்ல பழுத்த பங்கனப்பள்ளி, அரக்குக் கரை, ஒரு சரிகைக் கோடுகூட இல்லை. குழலி சொன்னதேதான். அதை ஜெயசீலி நீளமாக உருவி, தன் தோளில் போட்டுக்கொண்டு, முந்தானையைக் கையில் ஏந்தி, கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்று காட்டினாள். கட்டினால் எப்படி இருக்கும் என்று காட்டுகிற வழக்கமான காரியம். ஒரு நாளைக்கு நூறு தடவை செய்வாள். உயிருள்ள ஒரு பெண்ணின் மேல் கோடி கிடக்கிறது. அவளுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். வீட்டில் அவளுக்குப் பிள்ளைகள் இருக்கும், புருஷன் இருப்பான். "எடுங்க அத! மேல போடாதீங்க!" என்று கத்திவிட்டார். அவருக்கு இவ்வளவு குரல் இருப்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. பக்கத்தில் பட்டு பார்த்துக்கொண்டிருந்த கல்யாண வீட்டுக் கும்பல் திரும்பிப் பார்த்தது. ஜெயசீலி புடவையைச் சட்டென்று எடுத்துவிட்டாள், முகம் சுருங்கிவிட்டது. "கை சுத்தமாத்தான் சார் இருக்கு" என்றாள் தாழ்ந்த குரலில். ஐயோ, அவள் அப்படி நினைத்துக்கொண்டாள். நான் தொட்டதால் தீட்டு என்று கத்துகிற கிழவன் என்று நினைத்துக்கொண்டாள். "அதில்லம்மா, அப்டியெல்லாம் ஒண்ணுமில்ல, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று தடுமாறினார். எதற்காகக் கத்தினேன் என்று சொன்னால் இன்னும் மோசமாகிவிடும். இன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்வாள், ராத்திரியெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டிருப்பாள். சொல்லாவிட்டால் அவமானப்பட்டே நிற்பாள். இரண்டில் ஒன்று. எந்தப் பக்கம் போனாலும் ஒரு மனுஷியின் மனசில் மிதித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. மூச்சைச் சரிசெய்துகொண்டார். கத்தினதற்கான கூலியை நெஞ்சு உடனே வசூலித்தது.

ஜெயசீலி புடவையை மடித்தாள். அவள் தலைக்குமேல் ஜன்னல் கண்ணாடியில் மலைக்கோட்டை நின்றது, பளிச்சென்ற நீல வானத்தில், பாறையின் வரிவரியெல்லாம் தெரிய. இங்கே இவ்வளவு காற்று கிடக்கிறது. அந்த மலைமேல் இருக்கிற சாமியின் பேரையும் அம்மனின் பேரையும்தான் அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும் வைத்தார். தாயுமானவன், மட்டுவார்குழலி. காவிரியில் வெள்ளம், பிள்ளைபெறப் போகிற மகளிடம் வந்துசேர முடியாமல் அம்மா அக்கரையில் மாட்டிக்கொண்டாள், சாமியே அம்மா வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்துவிட்டுப் போனார். ஊரில் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த கதை. அபிஷேகம் சாமிக்கு, பாட்டு சாமிக்கு. கரையில் நின்ற அம்மாவைப் பற்றி யாருக்கும் ஒரு வார்த்தை கிடையாது. அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? மருந்துச் சாமான் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா? யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள், வெள்ளம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வெள்ளம் வந்ததும் நல்லதுக்குத்தான் என்று அவளுக்கு ஒரு நிம்மதி வந்துபோயிருக்குமோ. பெற்ற மகள் வலியில் கத்துவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டாமே என்று. சீ, என்ன நினைப்பு. தன் அழுக்கைக் கொண்டுபோய் யாரோ ஒரு தாயின் தலையில் துடைக்கிறோம் என்று தெரிந்தது, தெரிந்தும் நினைப்பு அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. நாளைக்கு நான் போகாவிட்டால் சாமி என் வேஷத்தில் போகுமா கிள்ளானுக்கு? போனாலும் குழலியிடம் செல்லாது. வாசலில் நிற்கும்போதே கண்டுபிடித்துவிடுவாள். நீ யாரு, எங்கண்ணன்னா இந்நேரம் மூச்சு வாங்குமே என்று கேட்பாள்.

ஷாஜகானிடம் நேற்றே பேசியாயிற்று. பாலக்கரை ஷாஜகான் குருவி. இங்கிருந்து துணிமணி, பூ, பலகாரம் எல்லாம் விமானத்தில் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போய், அங்கிருந்து தைலம், சோப்பு என்று தூக்கிக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு இந்த ஊரில் அதுதான் பேர். சனிக்கிழமை போகிறாராம். "ஒரு பொடவதானே சார், குடுங்க, கைல கொண்டுபோய் சேத்துர்றேன்" என்றார். என்ன புடவை என்று அவருக்கும் சொல்லவில்லை. வடகப் பொட்டலத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் பிறந்த வீடு போகும். அம்மா செத்தபோது மணப்பாறை மாமா வருவதற்காகக் காத்திருந்தது ஞாபகம் வந்தது. பஸ் வழியில் கெட்டுப்போய், மாமா வந்துசேரப் பொழுது சாய்ந்துவிட்டது. ஊரே நின்றது. சங்கு ஊதுகிறவன் உட்கார்ந்துவிட்டான். அவசரக்காரர் ஒருத்தர், எடுத்துரலாமே என்று சொன்னதற்கு மற்றவர்கள் அடிக்கப் போனார்கள். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் எப்படி எடுப்பது? மாமா வந்தார், தெரு முனையிலேயே ஓவென்று அழுதுகொண்டு, கக்கத்தில் ஒரு பச்சைப் புடவை. கிளிப்பச்சை, கண்ணைக் குத்துகிற பச்சை, அம்மாவுக்குப் பிடிக்கவே பிடிக்காத நிறம். அதைப் போர்த்தும்போது குழலி அவர் காதில் வந்து, "எனக்கு நல்ல கலரா எடுத்துட்டு வாண்ணே" என்றாள், அழுது வீங்கிய மூஞ்சியோடு. பாவாடை கட்டுகிற வயசு. அவர் அவள் கையில் நறுக்கென்று கிள்ளினார். அப்புறம் வளர்ந்து, கட்டிக்கொடுத்து, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிவிட்டபோது அவள் அழவில்லை, கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். கப்பல் மறைந்த பிறகும் அதன் புகை வெகுநேரம் வானத்தின் அடியில் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. அது கரைகிறவரைக்கும் அவர் நகரவில்லை. நல்ல கலர் எடுத்துக்கொண்டு வருவேன் என்று அவர் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லைதான். கிள்ளத்தான் கிள்ளினார். ஆனால் கோடி போடாமல் எடுக்க மாட்டார்கள். இந்த மாம்பழப் புடவை இந்தத் தெப்பக்குளம் கடையில் இந்தப் பலகைமேல் கிடக்கிறவரைக்கும் குழலியை யாரும் தூக்க முடியாது. பைத்தியக்கார நினைப்பு. அங்கே எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து எரிக்கிற மெஷினில் வைத்துவிடுகிறார்கள், உறையூர்த் தெரு மாதிரி பொழுது சாயக் காத்திருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நினைப்பு இதமாக இருந்தது, விடவே மனசில்லை.

போய்விடுவது. அவ்வளவுதான், போய்விடுவது. திடீரென்று எல்லாம் லேசாயிற்று. முகத்துக்கு இரண்டு மாஸ்க், ஏர்போர்ட் வாசலில் லோகன் கார், கார் ஜன்னல் ஏற்றிவிட்டால் வீடு, வீட்டில் காற்றைச் சலிக்கிற மெஷின் இருக்கிறதாம். கதவைத் திறக்கிற சத்தம், தலையணையில் அந்தத் தலை. இந்தத் தடவை திரும்பின தலை திரும்பினபடியே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அங்கேயே விழுந்தாலும் விழட்டும். "இதையே போட்டுருங்கம்மா" என்றார் ஜெயசீலியிடம், எழுந்து நின்று. அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. வீடியோவில் குழலி. மருந்துக்கும் மருந்துக்கும் நடுவில் கொஞ்சம் தெளிவாக இருக்கிற நேரம் அவளுக்கு. "எடுத்துட்டியா? எங்க, விரிச்சுக் காட்டு" என்றாள், எடுத்த எடுப்பில். முகத்துக்குப் பின்னால் ஜன்னல் தெரிந்தது. அங்கே மத்தியானம், ஆனால் ஜன்னல் அழுக்குச் செம்மண் நிறத்தில் இருந்தது, ஈரத் துண்டு தொங்கியது. "சூரியன இங்க நேராவே பாக்கலாண்ணே, கண்ணு கூசவே மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு இருமினாள். அந்த இருமல் கேட்டதும், இந்தக் குளிரூட்டிய கடையில், இந்த நல்ல காற்றில் நின்றுகொண்டிருந்த தாயுமானவனின் தொண்டை அடைத்தது. அழுகையில்லை, மூச்சுதான். ஆட்டோக்காரரின் கை வந்துவிட்டது, காற்றை அள்ளி அள்ளி வாய்க்குள் போடுகிற கை. பலகையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் ஜெயசீலி எட்டிப் பார்த்து, "இந்தம்மாவுக்கா சார்?" என்று கோபத்தையெல்லாம் மறந்து, புடவையை இரண்டு கையாலும் போனுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். "நல்லா இருக்காம்மா? ஒங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு. ஒடம்பு சரியானதும் கட்டிட்டு ஒரு போட்டோ அனுப்பி விடுங்க!" குழலி புடவையைப் பார்த்தாள். நிதானமாக, கரையிலிருந்து முந்திவரைக்கும், துணிக்கடைக்கு வந்தவள் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். "நல்லாருக்கும்மா. நல்ல கலர். போட்டோ எடுக்க மகன்கிட்ட சொல்லி வைக்கிறேன்" என்றாள்.

ஜெயசீலிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. புடவையை மடித்துக்கொண்டே, "ஃபால்ஸ் அடிச்சுரலாமா சார்? காட்டனுக்கு அடியில ஃபால்ஸ் அடிக்கலேன்னா நடக்கும்போது கால்ல மிதிபட்டுக் கரை வீணாப்போயிரும். ஆடிக் கூட்டமா இருக்கு, வியாழக்கிழமைதான் கெடைக்கும்" என்றாள். இன்றைக்குச் செவ்வாய். நாளை ராத்திரி விமானம். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். வேண்டாம் என்றால் இந்தப் புடவையில் யாரும் நடக்கப்போவதில்லை என்று அர்த்தம், அதைக் குழலி கேட்டுக்கொண்டிருக்கிறபோது எப்படிச் சொல்வது? இல்லை, அதுகூடக் காரணமில்லை, அவள்தான் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாளே. வேண்டாம் என்றால் நாளை ராத்திரி ஏற வேண்டும். நெஞ்சுக்கு வெளியே அந்தக் கை அள்ளிக்கொண்டே இருந்தது. போன் திரையில் குழலி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கொட்டாமல், தலையைத் தலையணையில் இந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு. "அடிச்சிருங்க" என்றார் தாயுமானவன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. ஜெயசீலி சீட்டு எழுதப் போனாள். "வியாழக்கெழமையாண்ணே?" என்றாள் குழலி. "ஆமா" என்றார். "சனிக்கெழம ஷாஜகான் வர்றாரு. அவரு கையில..." அவள் கண்ணை மூடினாள், மூடினபடியே தலையை ஆட்டினாள். "சரி. நல்ல நூலாப் போட்டு அடிக்கச் சொல்லு. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். திரையில் கூரை விசிறி வந்தது, சுழன்றது, அணைந்தது. ஜெயசீலி கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது லிஃப்ட் காலியாக இருந்தது. வாசலுக்கு வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது, பூக்காரிகள் கூவினார்கள், காவிரிப் பக்கமிருந்து நல்ல ஆடிக் காற்று வீசியது. மூச்சு எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய், போய்ச் சேர்ந்து, திரும்பி வந்தது. தாயுமானவன் நடைபாதையிலேயே உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார்.